கன்றோடு சேர்த்து வளர்க்க வேண்டிய வேர்மண்

காட்டு மரத்தடியில் சருகை ஒதுக்கிவிட்டு ஒரு சல்லிவேரை மெல்ல இழுத்துப் பாருங்கள். மண் உதிராமல் வேரோடு ஒட்டிக்கொண்டே வரும். வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் தின்று வாழும் நுண்ணுயிர்களின் பசையும், பூஞ்சை இழைகளும் சேர்ந்துதான் அதை அப்படிப் பிடித்துவைத்திருக்கின்றன. வேரை ஒட்டிய இந்தச் சில மில்லிமீட்டர் மண்ணுக்கு 1904இல் ஜெர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர் 'ரைசோஸ்பியர்' என்று பெயர் வைத்தார்.

தேங்காய் நார்க்கழிவில் வேர்விட வைத்த சவுக்குக் கன்றில் இந்தக் கூட்டம் அநேகமாக இருக்காது. சவுக்கு பயறு வகை இல்லை. ஆனாலும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா அதன் வேரில் முடிச்சுப் போட்டு, காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கிறது. சவுக்கு வெளியிலிருந்து நமக்கு வந்த மரம், ஆகவே அதற்குத் தோதான ஃபிராங்கியா எல்லா நிலத்திலும் இருக்கும் என்று நம்பி நடக்கூடாது. வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோன பைன் கன்றுகளும் இப்படித்தான் மஞ்சளித்து நின்றன. பழைய பைன் தோட்டத்து மண்ணைக் கலந்த பிறகே தேறின. அந்த மண்ணோடு வந்த வேர்ப்பூஞ்சைதான் காரணம்.

சவுக்குக்குச் செலவில்லாத வழி உண்டு. நோயில்லாத, செழிப்பான மரத்தடியில் மேலாக 15 செ.மீ. ஆழத்துக்குள் தோண்டினால், பவளக்கொத்து போன்ற முடிச்சுகள் கிடைக்கும். கெட்டியாக, நுனி வெளிர்நிறமாக இருப்பவற்றை எடுங்கள். கறுத்து உள்ளே பொக்கானவை வேண்டாம். 100 கிராம் முடிச்சை மண் போகக் கழுவி, அம்மியில் நசுக்கி, 10 லிட்டர் குளோரின் கலக்காத நீரில் கரைத்து வடிகட்டவும். அன்றைக்கே, வெயில் தாழ்ந்த பிறகு, கன்றுக்கு 10 மி.லி. வீதம் வேர்ப்பக்கம் ஊற்றவும். ஆயிரம் கன்றுக்கு வரும். வாடிக் காயும் மரங்கள் உள்ள தோட்டத்தில் மட்டும் எடுக்கவே கூடாது, வாடல் நோயும் கூடவே வந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து நாலைந்து கன்றுகளைப் பிரித்து வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சே இல்லையென்றால் முதலில் யூரியா கணக்கைப் பாருங்கள். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை செலவழிக்காது. நீர் தேங்கினாலும் முடிச்சு வராது, அதற்குக் காற்று வேண்டும்.

தேக்கு, வேங்கை போன்றவற்றுக்கு 'வேம்' (VAM) எனப்படும், வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை அவசியம். அதன் இழை வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸையும்) கொண்டுவந்து சேர்க்கும். மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்டால் செடி பூஞ்சையை ஒதுக்கிவிடுகிறது. நாற்றழுகலுக்குப் பயந்து வாராவாரம் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் நல்ல பூஞ்சையும் அடிவாங்கும். நாற்றழுகலைத் தடுக்க நீரைக் குறைப்பதும் நெருக்கத்தைக் கலைப்பதுமே முதல் மருந்து. வேம் பூஞ்சை கன்றுக்குக் கிடைக்க, அதே இன மரத்தடியின் சல்லிவேர் கலந்த மேல்மண்ணைக் கன்றுப் பையில் நிரப்பும் மண்கலவையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். சொந்த நிலத்து மரமாக இருக்கட்டும். வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டு மண்ணைத் தொடாதீர்கள். எடுத்த மண்ணை வெயிலில் உலர்த்தாமல், ஈரச் சாக்கில் நிழலில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் கலந்துவிடுங்கள்.

நடும்போது பையைப் பக்கவாட்டில் கீறி, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள். மண்ணை உதறிவிட்டு நட்டால் இழைகள் அறுந்து, ஆறு மாத உழைப்பு குழிக்கு வெளியே கொட்டிக் கிடக்கும்.