ஒரே பென்டிரைவ், பத்துக் கணினிகள்: உரிமம் எங்கே இருக்கிறது?

விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதையே பத்துக் கணினிகளில் அடுத்தடுத்துச் செருகலாம். அதில் தவறேதும் இல்லை. அதற்கான ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது இன்ஸ்டால் டிஸ்க்கின் முழுப் பிரதியை, மைக்ரோசாஃப்டே தன் இணையதளத்தில் எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. பார்க்க வேண்டியது, அந்தப் பத்துக் கணினிகளுக்கும் தனித்தனியே அனுமதி இருக்கிறதா என்பதைத்தான். அந்த அனுமதி இன்ஸ்டால் செய்யும் டிஸ்க்கோடு வருகிறது என்று சிலரும், 25 எழுத்து புராடக்ட் கீயோடு வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டுமே அனுமதி ஆகிவிடாது.

மென்பொருளை நகலெடுக்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் அதை உருவாக்கியவருக்கே தருகிறது. இன்ஸ்டால் செய்வது என்றால் டிஸ்க்கில் ஒரு நகல் எடுப்பது. கணினியை ஆன் செய்ததும் இயங்குதளம் ராம் (RAM) என்ற தற்காலிக நினைவகத்துக்குள் ஏறுகிறதே, அதுவும் ஒரு நகல்தான் என்று எம்ஏஐ - பீக் வழக்கில் 1993இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த நகல்களுக்கெல்லாம் அனுமதி தருவது, யாரும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் அந்த நீண்ட ஒப்பந்தம். விண்டோஸ் ஒப்பந்தம் சொல்வதன் சாரம் எளிது: மென்பொருள் விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது, ஒரு சாதனத்தில் ஒரு பிரதி, ஒரு நேரத்தில் ஒருவர். ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் இன்னொரு கணினியான விர்ச்சுவல் மெஷினும் இந்தக் கணக்கில் ஒரு சாதனம்தான். ஒரே லேப்டாப்புக்குள் இரண்டாவதாக ஒரு விண்டோஸை ஓட்டினால், அதற்கும் ஓர் உரிமம் வேண்டும்.

கணினி வாங்கும்போதே உள்ளே இருக்கும் விண்டோஸ் ஓஇஎம் வகை. தனியாக வாங்குவது ரீடெயில். ரீடெயில் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஓஇஎம் உரிமம் முதலில் ஏறிய கணினியோடு பிறந்து அதோடே முடிந்துபோகும். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், ஓஇஎம் கணினிகளின் கீயைத் தயாரிப்பாளரே மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளுக்குள் எழுதிவிடுகிறார். டிஸ்க்கை முழுவதுமாக அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது கணினி கீயைக் கேட்காமலே வேலையை முடிப்பது இதனால்தான். இன்ஸ்டாலர் ஃபர்ம்வேரிலிருந்து கீயைத் தானே படித்துக்கொள்கிறது. ஆனால் இந்தக் கட்டு எல்லா நாட்டிலும் ஒரே அளவுக்கு இறுக்கமானதல்ல. ஓஇஎம் பிரதியைக் கணினியிலிருந்து பிரித்து விற்பதை மைக்ரோசாஃப்ட் தடுக்க முடியாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000இல் சொல்லிவிட்டது. இறக்கிப் பயன்படுத்திய மென்பொருளின் உரிமத்தையும் மறுவிற்பனை செய்யலாம், ஆனால் விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஒரு கீ எந்தக் கணினியில் இருக்கிறது என்பது மைக்ரோசாஃப்டுக்கு எப்படித் தெரிகிறது? 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஆக்டிவேஷன் முறை, அதாவது கீயை மைக்ரோசாஃப்ட் சரிபார்க்கும் முறை, பத்து வன்பொருள் விவரங்களைப் பார்த்தது: பிராசசர், ராமின் அளவு, ஹார்டு டிஸ்க், டிஸ்ப்ளே அடாப்டர், நெட்வொர்க் கார்டின் முகவரி என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் ஒருவழிக் கணிதத்தால் பிசைந்து, சில பிட்டுகளாகச் சுருக்கி, எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் கணினியின் கைரேகை போல ஓர் எண்ணை உருவாக்கியது. அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிப் போய் உங்கள் டிஸ்க் எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதே கணினிதானா என்று ஒப்பிட மட்டும் அது போதும். ஒன்றிரண்டு பாகங்கள் மாறினால் பொறுத்துக்கொள்ளும். பலதும் சேர்ந்து மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். விண்டோஸ் 10இல் இது இன்னொரு படி போனது. கணினியின் அடையாளமே மைக்ரோசாஃப்ட் சர்வரில் டிஜிட்டல் உரிமமாகப் பதிவாகிறது. அதில் பெரும்பங்கு மதர்போர்டுக்கு. அதை மாற்றினால் சர்வரின் கண்ணுக்கு அது புதுக் கணினி. எனக்கு இதில் பிடித்தது, யார் என்று சொல்லாமலே ‘அதே ஆள்தான்’ என்று உறுதிசெய்யும் அந்தச் சுருக்கக் கணிதம்.

நூறு, ஆயிரம் என்று கணினிகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றிலும் போய்க் கீ அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் வால்யூம் லைசென்ஸ். அதில் எம்ஏகே என்ற வகைக் கீயை, குறிப்பிட்ட எண்ணிக்கை தீரும்வரை பல கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம். கேஎம்எஸ் முறையில் நிறுவனம் தன் நெட்வொர்க்குக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்துக்கொள்ளும். மற்ற கணினிகள் அதனிடம் ஆக்டிவேட் ஆகும். ஒரு முறை ஆனால் 180 நாள்தான் செல்லுபடி. 7 நாளுக்கு ஒரு முறை கணினி தானே சர்வரைத் தொடர்புகொண்டு காலக்கெடுவைப் புதுப்பித்துக்கொள்ளும். குறைந்தது 25 கணினிகள் கேட்கும்வரை கேஎம்எஸ் எந்த டெஸ்க்டாப் விண்டோஸ் கணினியையும் ஆக்டிவேட் செய்யாது.

இங்கேதான் பலர் திண்டாடுவார்கள். ஒரு கணினியைப் பக்காவாகத் தயார் செய்து, அதன் டிஸ்க்கை அப்படியே முப்பது கணினிகளுக்கு குளோன் செய்துவிடுவார்கள். முப்பதும் சர்வரைக் கேட்கும், ஆனால் எண்ணிக்கை 1இலேயே நிற்கும். காரணம், ஒவ்வொரு விண்டோஸும் கேஎம்எஸ்ஸிடம் காட்டும் அடையாள எண் குளோனோடு சேர்ந்து நகலாகிவிட்டது. சர்வரைப் பொறுத்தவரை ஒரே கணினி முப்பது முறை கதவைத் தட்டுகிறது. குளோன் எடுக்கும் முன் விண்டோஸிலேயே இருக்கும் சிஸ்பிரெப் கருவியை ‘ஜெனரலைஸ்’ தேர்வோடு ஓட்டினால் இந்தத் தொல்லை வராது. அப்போது ஒவ்வொரு கணினியும் முதல் முறை எழும்போது தனக்கென்று புது அடையாளத்தை உருவாக்கிக்கொள்ளும்.

டெஸ்க்டாப் விண்டோஸுக்கான வால்யூம் லைசென்ஸில் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. அது மேம்படுத்தும் உரிமம் மட்டுமே. அடியில் ஏற்கெனவே தகுதியுள்ள ஒரு விண்டோஸ் உரிமம் இருக்க வேண்டும். இயங்குதளமே இல்லாமல் வாங்கிய வெற்றுக் கணினிகளில் வால்யூம் கீயைப் போட்டால் ஆக்டிவேட் ஆகிவிடும், ஆனால் உரிமம் இருக்காது.

ஆக்டிவேஷன் வேறு, உரிமம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எக்ஸ்பி வெளிவரும் முன்பே ஒரு வால்யூம் கீ கசிந்து உலகம் முழுக்கப் பரவியது. வால்யூம் பிரதிக்கு அன்று ஆக்டிவேஷனே தேவைப்படாததால், போட்ட இடத்திலெல்லாம் வேலை செய்தது. அவற்றில் ஒன்றுக்கும் உரிமம் இல்லை. இணையத்தில் அடிமாட்டு விலைக்கு விற்கப்படும் கீக்களிலும் எவருடைய வால்யூம் ஒப்பந்தத்திலிருந்தோ பிய்த்தெடுத்தவை கலந்திருக்கின்றன. அவையும் ஆக்டிவேட் ஆகலாம். நிறுவனங்களில் தணிக்கைக்கு வருபவர்கள் எண்ணுவது இன்ஸ்டால் ஆன கணினிகளை. கேட்பது வாங்கியதற்கான பில்லையும் ஒப்பந்தத்தையும். ஆகவே ‘ஆக்டிவேட் ஆகிவிட்டது’ என்ற செய்தியை நம்பி இருந்துவிடாதீர்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

மேக்ஓஎஸ்ஸுக்குப் புராடக்ட் கீயே கிடையாது. ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டும்தான் போடலாம் என்ற ஒப்பந்த வரியே அங்கே வேலி. ஒவ்வொரு மேக்கிலும் கூடுதலாக இரண்டு பிரதிகளை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டவும் அது இடம் கொடுக்கிறது, சில குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டும். சாதாரணக் கணினிகளில் மேக்ஓஎஸ் ஏற்றி விற்ற சிஸ்டார் நிறுவனத்தின் மேல் ஆப்பிள் 2008இல் வழக்குப் போட்டு வென்றது. மேல்முறையீட்டிலும் 2011இல் அந்த வேலி நிலைத்தது.

லினக்ஸில் கதை தலைகீழ். 1991இல் வெளியான ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை நகலெடுக்கவும் பகிரவும் எல்லோருக்கும் வெளிப்படையாகவே அனுமதி தருகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைப் பத்துக் கணினிகளில் போட்டாலும் பத்தாயிரத்தில் போட்டாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அடையாள எண்ணும் தேவையில்லை. ஆனாலும் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட், கணினிகளை எண்ணிக் காசு வாங்குகிறது. அது விற்பது சப்ஸ்கிரிப்ஷன்: பாதுகாப்பு அப்டேட்டுகள், உதவி, பெயர் பொறித்த சான்றளிப்பு. சப்ஸ்கிரிப்ஷன் உள்ளவரை, ரெட் ஹாட் லினக்ஸ் ஓடும் எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும் என்பது அதன் ஒப்பந்த விதி. தனிநபர் டெவலப்பர்களுக்கு மட்டும் 2021 முதல் 16 கணினிகள் வரை இலவசம்.