பாதாள அறைக்கு ஏ.சி. வாங்கும் முன்

ஏ.சி., ஃப்ரீசர் பழுது பார்ப்பது என் தொழில். "ஊட்டியில உனக்கு என்னப்பா வேலை?" என்று கோயம்புத்தூர் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். காளான் அறை, காய்கறி ஸ்டோர், பேக்கரி, ஓட்டல் என்று ஓயாமல் வேலை இருக்கிறது. இப்போது கொஞ்ச காலமாகப் புது வகை அழைப்பும் வருகிறது: வீட்டுக்கு அடியில் ஒயின் பாட்டில் வைக்கத் தோண்டிய அறை.

போன வருடம் ஊட்டியை அடுத்த லவ்டேல் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, ஏ.சி. நிக்காம ஓடுது, ஆனா ரூம் குளிரவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். சரிவைக் குடைந்து கட்டிய அறை. மூன்று பக்கம் மண், மேலே கார் ஷெட். சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டி, மேலே பிளைவுட் அடித்திருந்தார்கள். அவுட்டோர் யூனிட்டைத் தேடினால், அதுவும் தரைக்கு அடியில்தான், பக்கத்து சாமான் அறைக்குள். வெளியே வைத்தால் தோட்டத்தின் அழகு கெட்டுவிடுமாம்.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது. ஒரு டன் ஏ.சி. சுமார் மூன்றரை கிலோவாட் சூட்டை எடுக்கும். கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் சூடாகத்தான் வெளியே வரும். அவர் வீட்டில் இது எல்லாம் ஒரு சுவருக்கு அந்தப்புறம் தேங்கி, திரும்ப உள்ளேயே வந்தது. அறைக்குள் 22 டிகிரி. வெளியே தோட்டத்தில் 17.

மலையில் இருப்பவர்கள் முதலில் மண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டும். தரைக்குக் கீழே பத்துப் பதினைந்து அடி போனால் மண்ணின் வெப்பம் பகலுக்கும் இரவுக்கும் அசையாது, வருடம் முழுக்கவும் கொஞ்சம்தான் மாறும். அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். ஊட்டியில் அது சுமார் 14, 15 டிகிரி. குன்னூர், கோத்தகிரி உயரம் குறைவு என்பதால் இரண்டு மூன்று டிகிரி கூடும். ஒயினுக்குச் சொல்லப்படும் அளவு 12 முதல் 14. ஆனால் அதைவிட முக்கியம் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. 16-லேயே அசையாமல் நிற்கும் அறை, 11-க்கும் 20-க்கும் ஊசலாடும் அறையைவிட நல்லது. சாதாரண ஏ.சி. ரிமோட் எப்படியும் 16-க்குக் கீழே போகாது. சென்சாரை ஏமாற்றிக் கீழே இறக்கினால் காயிலில், அதாவது உள்ளே இருக்கும் குளிர்க்குழாயில், ஐஸ் கட்டும்.

அப்படியென்றால் ஊட்டி உயரத்தில் மண்சுவருக்குத் தெர்மாகோல் எதற்கு? சும்மா குளிர்ச்சி தரும் மண்ணைப் போர்வை போட்டு மறைக்கிற வேலை அது. சூடு வருவது கூரை வழியாக, கதவு வழியாக. சூட்டைத் தடுக்கும் காப்பு அங்கேதான் வேண்டும். குன்னூரில் 13 டிகிரிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் மட்டும் சுவருக்கும் போட வேண்டும், தகுந்த மெஷினும் வேண்டும்.

மலையில் உண்மையான தொல்லை ஈரம். ஜூலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே நுழையும் காலத்தில், "நல்லா ஜில்லுனு காத்து வரட்டும்" என்று பாதாள அறையின் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். வெளிக்காற்று 17 டிகிரி, ஈரம் 95 சதவீதம் என்றால், 14 டிகிரி சுவரில் பட்டதும் அது தண்ணீராக இறங்கும். லேபிளில் பூஞ்சணம் பிடிக்கும், மர ரேக் ஊதும். மழைக்காலத்தில் மூடுங்கள். காற்றோட்டம் வேண்டுமென்றால் ஜனவரியில், உறைபனி விழும் இரவில் திறங்கள். அந்தக் காற்று காய்ந்த காற்று. அளவுக்கு மீறி உலர்ந்து கார்க் சுருங்குமோ என்று பயமிருந்தால் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். அறை ஈரம் 60, 70 சதவீதம் இருந்தால் போதும்.

தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். மழைத் தண்ணீர் பின்னால் தேங்கினால் சுவரையே தள்ளும். புதிதாகச் சரிவைத் தோண்டுகிறவர்கள் அனுமதியும் பொறியாளரும் இல்லாமல் தொடவே கூடாது. 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்ததைப் பார்த்தவன் நான்.

ஒரு விஷயம், இதில் மட்டும் கறாராகச் சொல்வேன். பிளம்ஸ் சீசனில் வீட்டிலேயே ஒயின் போடுவது சட்டப்படி சரியா என்பது வேறு பேச்சு. யார் எதைப் புளிக்க வைத்தாலும் பாதாள அறையில் வைக்கக் கூடாது. புளிக்கும்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். மெழுகுவர்த்தி எரிகிறதே என்று நம்பி இறங்காதீர்கள். ஆளை மயக்கும் அளவு வாயு இருக்கும்போதும் சுடர் எரியலாம். ஒருவர் உள்ளே விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார். ஆர்-290 கேஸ் போட்ட மெஷின்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது புரொப்பேன், தீப்பிடிக்கும், கசிந்தால் அதுவும் கீழேதான் படியும்.

சரி, லவ்டேல் வீட்டுக்கு வருவோம். தெர்மாகோலைப் பிய்த்தோம். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். துடைத்துக் காயவிட்டு, கூரைக்கு அடியில் பஃப் பேனல், அதாவது சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை, அடித்தோம். பழைய கோல்டு ரூம் கதவு ஒன்று என்னிடம் கிடந்தது, ரப்பர் கேஸ்கெட்டோடு அதை மாட்டினேன். மழைக்காலத்துக்கு ஈரம் உறிஞ்சும் சின்ன மெஷின் ஒன்று, அதுவும் கொஞ்சம் சூடு தரும் என்பதால் தேவைப்படும்போது மட்டும். ஏ.சி.யை நிறுத்திவிட்டோம். ஒரு மாதம் கழித்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு போன் செய்தார். 16 காட்டியதாம்.

"அப்ப இந்த ஏ.சி.யை என்ன தம்பி பண்றது?"

இப்போது அது கோயம்புத்தூரில் அவர் மகன் வீட்டுப் படுக்கையறையில் ஓடுகிறது. அவுட்டோர் யூனிட் மொட்டைமாடியில்.