மார்ச் 12 ஆகிவிடும் புல எண் 12/3

குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் டெல்டா கிராமங்களில் நெல் கொள்முதலுக்கான விவசாயிகள் பட்டியலை எக்செல்லில் தட்டச்சு செய்து, சிஎஸ்வி (காற்புள்ளிகளால் பிரித்த வெறும் எழுத்துக்) கோப்பாக மின்படிவத்தில் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புல எண் 12/3 என்று அடித்ததுமே எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். இந்திய அமைப்பில் அது மார்ச் 12. 2025-ல் அடித்திருந்தால் கட்டத்துக்குள் இருப்பது 45728: 1900 ஜனவரி 1-ஐ ஒன்றாக வைத்து எண்ணிய நாள் கணக்கு. பிறகு கட்டத்தை 'டெக்ஸ்ட்' ஆக்கினாலும் 12/3 திரும்பி வராது. அதே நெடுவரிசையில் 112/4 மாறாமல் நிற்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தவறு தெரியாது.

ஆதார் எண்ணுக்கு நேர்வது இன்னும் மோசம். 12 இலக்க எண்ணை எக்செல் அடுக்குக்குறியில் (1.23457E+11 என்பதுபோல்) சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் முதல் ஆறு இலக்கங்கள்தான், அதுவும் தோராயமாக, தப்பும். படிவம் அதை எண்ணாக விரிக்கும்போது மீதி ஆறும் சுழியம். '12 இலக்கம் உள்ளதா' என்ற சோதனையில் இது தேறிவிடும்! கடைசி இலக்கத்தை, முந்தைய இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கும் வெர்ஹோஃப் முறையில் சரிபார்த்தால் பெரும்பாலானவை சிக்கும். 15 இலக்கத்தைத் தாண்டும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி இலக்கங்கள் சுழியமாகும். முன்னால் நிற்கும் சுழியமோ காணாமலே போகும்.

கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எதுவும் எண் அல்ல, எழுத்துச்சரம்தான். புல எண், ஆதார், கணக்கு எண் நெடுவரிசைகளைத் தட்டச்சுக்கு முன்பே 'டெக்ஸ்ட்' ஆக்க வேண்டும். சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், 'டேட்டா' பகுதி வழியாக வகையைத் தேர்ந்து திறக்க வேண்டும்.

படிவமும் எல்லாவற்றையும் முதலில் எழுத்தாகவே வாங்கி, ஓர இடைவெளிகளை நீக்கி, வடிவத்தைச் சோதித்த பிறகே பரப்பு, மூட்டை போன்றவற்றை எண்ணாக்க வேண்டும். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி என்றால் 11 குறிகள், ஐந்தாவது சுழியம்; அங்கே ஆங்கில 'ஓ' இருந்தால் தள்ளிவிடலாம்.

பரப்பில் கவனம் தேவை. பட்டாவில் 0-40.50 என்பது 0 ஹெக்டேர் 40.50 ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு), அதாவது 0.405 ஹெக்டேர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். 0-4.50 என்பதை இலக்கங்களை ஒட்டி 0.450 ஆக்கினால் நிலம் பத்து மடங்காகும். ஹெக்டேரையும் ஏரையும் தனித்தனியே வாங்கி, ஏரை 100-ஆல் வகுத்துக் கூட்டுவதே பத்திரம்.

ஐயமான வரிசையை நிரல் தானாகத் திருத்தக் கூடாது. வரிசை எண், நெடுவரிசைப் பெயர், வந்த மதிப்பு மூன்றோடும் தனித் தாளில் ஒதுக்க வேண்டும். வெற்றுக் கட்டத்தைச் சுழியமாகவும் ஏற்கக் கூடாது: ஈரப்பதம் நிரப்பாத நெல், கொள்முதலுக்கான 17 சதவீத வரம்புக்குள் 0 சதவீதமாகத் தேறிவிடும்.