விழுங்கிய செல் ஏன் வெடிக்கிறது?

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் போனதும் அதை விழுங்குவது மேக்ரோபேஜ் என்கிற வெள்ளணு. விழுங்கியதோடு வேலை முடிவதில்லை. செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகவும் அந்தக் கிருமிக்குத் தெரியும். ஆகவே விழுங்கிய செல் பிழைக்கிறதா, சாகிறதா என்பதைப் பொறுத்தே நோயின் போக்கு அமைகிறது.

இதில் டிஎன்எஃப் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மேக்ரோபேஜ்களே இதைச் சுரந்து ஒன்றையொன்று உசுப்பிவிடுகின்றன. இதை முடக்கினால் என்ன ஆகும் என்பதை நோயாளிகளிடமே பார்த்தாயிற்று. முடக்குவாதத்துக்காக டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை எடுத்தவர்களில் சிலருக்குக் காசநோய் தலைதூக்கியதாக 2001இல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். அதனால்தான் இன்று அந்த மருந்தைத் தொடங்கும் முன், உடலில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள்.

சரி, டிஎன்எஃப் கூடுதலாகச் சுரந்தால் நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். ஃபிரான்சிஸ்கோ ரோகாவும் லலிதா ராமகிருஷ்ணனும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது வரிக்குதிரை மீனின் குஞ்சுகளை. உடல் ஒளி ஊடுருவும்படி இருப்பதால், உயிருள்ள மீனுக்குள் மேக்ரோபேஜ் என்ன பாடுபடுகிறது என்பதை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மரைனத்தைத்தான் அவற்றுக்குத் தொற்றவைத்தார்கள்.

டிஎன்எஃப் மிகும்போது, கிருமியை விழுங்கிய செல்லில் ரிப்1, ரிப்3 என்ற இரு நொதிகள் வழியாக செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தகவல் போகிறது. அது வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொட்டுகிறது. முதலில் சாவது கிருமிகள்தான். ஆனால் அந்த மூலக்கூறுகளுக்குக் கிருமி, செல் என்ற பேதம் கிடையாது. அப்புறம் செல்லும் நைந்து வெடிக்கிறது. உள்ளே தப்பிப் பிழைத்த கிருமிகள் வெளியே கொட்டுகின்றன. வெளியில் அவற்றைக் கட்டுப்படுத்த ஆளில்லை, தாராளமாகப் பெருகுகின்றன. டிஎன்எஃப் குறைந்தால் கிருமி உள்ளிருந்தே பெருகிச் செல்லைச் சாகடிக்கும். மிகுந்தால் செல் தன் ஆயுதத்தாலேயே சாகும். இரண்டிலும் லாபம் கிருமிக்கே.

என்னை மிகவும் ஈர்த்தது இதற்கு அடுத்த கட்டம். ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லைக் கொல்வது சைக்ளோஃபிலின் டி என்ற புரதம், செராமைடு என்ற கொழுப்பு ஆகியவற்றின் இரு பாதைகள் வழியாக. கிருமியைக் கொல்ல இந்தப் பாதைகள் தேவையில்லை. ஆகவே முதல் பாதையை அடைக்க அலிஸ்போரிவிர் என்ற மருந்து, இரண்டாவதை அடைக்க மனச்சோர்வு மருந்தான டெசிப்ரமின் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, டிஎன்எஃப் மிகுந்த மீன்களில் மேக்ரோபேஜ்கள் பிழைத்தன. கிருமிகளைக் கொல்லும் திறனும் அவற்றுக்குக் குறையவில்லை.