முதலில் மவுஸைப் பிடிக்கட்டும்

ஏழு வயதுப் பையன். கையில் லமினேட் செய்த சான்றிதழ். 'ரோபோட்டிக்ஸ், செயற்கை நுண்ணறிவு: முதலாம் நிலை' என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தார்கள். இரண்டாம் நிலையிலும் சேர்ப்பதா என்று கேட்பதற்காக அவனுடைய அம்மா கொழும்பு வெள்ளவத்தையில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு அவனை அழைத்து வந்திருந்தார். கணினிக்கு முன்னால் உட்கார வைத்தேன். பையன் நேரே மொனிட்டரில் விரலை வைத்துத் தேய்த்தான். எதுவும் நகரவில்லை. "மிஸ், இது பழுது" என்றான்.

ஒருவர் வந்தால் சிரித்துவிட்டு விடலாம். பாடசாலை விடுமுறை முடிந்த ஒவ்வொரு தடவையும் இப்படி வருகிறார்கள். கட்டிய பணத்தைக் கேட்டால் எனக்கே வயிறு எரிகிறது. நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் அதில் உண்டு.

இவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "போனை என்னைவிட நன்றாகப் பாவிப்பான் மிஸ், அடிப்படை எல்லாம் தெரியும்."

தெரியாது. தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இரண்டு வயதுக் குழந்தையும் போனைப் பாவிக்கிறது என்றால் அது குழந்தையின் கெட்டித்தனம் அல்ல. எதையும் கற்காமலே எவரும் பாவிக்கும்படி போனைச் செய்தவர்களின் கெட்டித்தனம். போனில் எடுத்த படம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை. பெயர் வைக்க வேண்டியதில்லை. சேமிக்க வேண்டியதுகூட இல்லை; அதுவே சேமித்துக்கொள்கிறது. கணினியில் இவை எல்லாவற்றையும் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். எந்தக் கோப்புறை, என்ன பெயர், பழையதை அழித்து எழுதுவதா, புதிதாக இன்னொன்று வைப்பதா?

மவுஸையும் பாருங்கள். கை மேசையில் ஓடுகிறது, கண் திரையில் இருக்கிறது. தொடும் இடமும் நகரும் இடமும் வேறு வேறு. நமக்கு இது மறந்துபோன கஷ்டம். ஐந்து வயதுக் கைக்குப் புதிய வேலை. பொத்தானை அழுத்தியபடியே இழுப்பது அதைவிடக் கடினம். இவற்றைப் போன் கற்றுக்கொடுப்பதில்லை. பத்தாம் தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளிடமும் இதே கதைதான். போனில் வீடியோ வெட்டி ஒட்டி அசத்துவார்கள். பென் டிரைவில் எதைப் பிரதி செய்தோம் என்று கேட்டால் விழிப்பார்கள்.

அந்த ஏழு வயதுப் பையன் 'செயற்கை நுண்ணறிவு' வகுப்பில் என்ன செய்தான் என்று விசாரித்தேன். டேப்லட்டில் ஒரு பூனையை நடக்க வைத்திருக்கிறான். ஸ்க்ராட்ச் ஜூனியர்! ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த இலவசச் செயலி. கட்டளைகள் எல்லாம் படங்களாகவே இருப்பதால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தமிழ் மொழிமூலப் பிள்ளையும் பாவிக்கலாம். எட்டு வயதுக்கு மேல் அதன் மூத்தது, ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்டது, அதுவும் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். நல்ல கருவிகள், நானும் பாவிக்கிறேன். இலவசமாகக் கிடைப்பதற்குப் பொன்னெழுத்துச் சான்றிதழ் சுற்றி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்கு முன்னால் பிள்ளைக்கு வேண்டியவை இரண்டு. ஜீகொம்பிரி (GCompris) என்ற மென்பொருள், இரண்டு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். மவுஸை நகர்த்த நகர்த்த மூடிய படம் தெரியவரும். அடுத்ததில் சொடுக்க வேண்டும், அதற்கடுத்ததில் இரட்டைச் சொடுக்கு. விழுகின்ற எழுத்தை நிலத்தைத் தொடுமுன் விசைப்பலகையில் தட்டும் விளையாட்டும் உண்டு. மற்றது டக்ஸ் பெயின்ட் (Tux Paint) என்ற வரையும் மென்பொருள், மூன்று வயதிலிருந்தே வரையலாம். இரண்டுமே இலவசம், விளம்பரம் கிடையாது. ஒரு தடவை தரவிறக்கினால் போதும், டேட்டா செலவு முடிந்தது. டக்ஸ் பெயின்ட் சேமிக்கும்போது பெயர் கேட்காது, இடமும் கேட்காது. சின்னப் பிள்ளைக்கு அது வசதி. ஏழு வயதானவனுக்கு வேறு மென்பொருளில் பெயர் வைத்துச் சேமிக்கப் பழக்குங்கள்.

கணினிக்கு எங்கே போவது? 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புது மடிக்கணினியின் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் இப்போது ஒரு வசதி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளை அலுவலகங்கள் கழிக்கின்றன. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விசாரியுங்கள். உறவினர் எவராவது அலுவலகத்தில் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். நான்கு ஜிபி ராம் (நினைவகம்) போதும். வன்தட்டைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தில் சிறியதொன்று போட்டால் இயந்திரத்துக்கு உயிர் வரும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், இலவசம். நான் சொன்ன இரண்டு மென்பொருளும் அதன் மென்பொருள் பட்டியலிலேயே கிடைக்கும். கடைக்காரர் பூட்டுடைத்த விண்டோஸைப் போட்டுத் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளையின் கணினிக்குக் களவு மென்பொருளும் அதோடு வரும் வைரஸும் எதற்கு?

கணினியே இல்லாவிட்டாலும் தொடங்கலாம். நியூசிலாந்தின் கன்டர்பரி பல்கலைக்கழகத்துக்காரர்கள் கணினி இல்லாமலே கணினி அறிவியலைக் கற்பிக்கும் பயிற்சிகளை இலவசமாகத் தருகிறார்கள். ஐந்து பிஸ்கட் பெட்டி அட்டைகளில் 1, 2, 4, 8, 16 புள்ளிகள் போடுங்கள். அட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்து, தெரியும் புள்ளிகளைக் கூட்டினால் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். கணினி எண்ணும் முறையான இரும எண் அவ்வளவுதான். இன்னொன்று எனக்குப் பிடித்தது: அப்பா ரோபோ. தரையோடுகளில் "இரண்டடி முன்னால், வலப்பக்கம் திரும்பு" என்று பிள்ளை கட்டளையிட வேண்டும். அப்பா சொன்னதை மட்டுமே செய்ய வேண்டும், சுவரில் முட்டினாலும் சரி. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீட்டின் சின்னக் கூடத்திலும் இதற்கு இடம் உண்டு.

ஆறாம் தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே இலவசமாக எடுக்கலாம். பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு. நீங்கள் வாசித்துவிட்டு, சின்னவருக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள்.

சில விடயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரட்டைச் சொடுக்கு வரவில்லை என்று பிள்ளையை ஏசாதீர்கள். கணினியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) அதன் வேகத்தைக் குறையுங்கள், சுட்டுக்குறியைப் பெரிதாக்குங்கள். கைக்கு அடக்கமான சின்ன மவுஸ் வாங்குங்கள், புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும். கால் தொங்கவிடாமல் கீழே ஒரு பெட்டி வையுங்கள். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதில் தொலைக்காட்சியும் போனும் அடங்கும். தமிழ்த் தட்டச்சைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தொடங்கவே தொடங்காதீர்கள். எழுத்துருவை மாற்றியவுடன் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும் ஒன்றைப் பழக்கிவிட்டு, பிறகு எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்ற நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மின்சாரம். பழைய மேசைக்கணினியின் பெட்டி இரும்பு. புவித்தொடுப்பு (எர்த்) இல்லாவிட்டால் தொட்டவுடன் சுரீர் என்கும். மூன்று துளைச் சொக்கட்டின் மேல் துளையைப் பேனா முனையால் குத்தித் திறந்து, இரண்டு முனைப் பிளக்கைத் திணிக்கும் வேலை நம் வீடுகளில் சர்வசாதாரணம். பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே பிள்ளையும் அந்தத் துளைக்குள் பேனாவை விடும். மின்னிணைப்பாளரைக் கூப்பிட்டுச் சரியான சொக்கட்டைப் போடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் பிள்ளையைப் பாதியில் இழுத்தெடுக்க வேண்டாம். என்ன மென்பொருள் பாவிக்கிறார்கள் என்று பெயரை மட்டும் கேட்டு எழுதி வாருங்கள். அது இலவசமானதுதான் என்றால் வீட்டிலும் போடுங்கள். இரண்டாம் நிலைக்குக் கையெழுத்து வைக்குமுன், முதலாம் நிலையில் செய்ததை வீட்டுக் கணினியில் பிள்ளையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.