சூத்திரம் இரண்டு பாடவேளை காத்திருக்கட்டும்

பதினொன்றாம் வகுப்பில் எக்ஸ் ஸ்கொயருக்கு வகைக்கெழு (ஒரு புள்ளியில் அது மாறும் வேகம்) கேட்டால் 'டூ எக்ஸ்' என்று பட்டென வரும். எக்ஸ் 3 ஆகும்போது கிடைக்கும் 6 எதைச் சொல்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. முதல் நாளே சூத்திரம் கரும்பலகைக்கு வந்துவிடுவதுதான் காரணம். ஆசிரியர்கள் அதைத் தள்ளிவைத்து இப்படித் தொடங்கலாம்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 45 கி.மீ. பஸ் ஒரு மணி நேரத்தில் போனால் சராசரி வேகம் 45. காவேரிப்பட்டணத்தில் நின்று கிளம்பிய ஐந்தாவது விநாடியில் வேகம் என்ன? இதை மும்மூன்று பேராக வாதிக்க விடுங்கள். முதல் இரண்டு நிமிடம் மட்டும் ஆளாளுக்குத் தனியாக எழுதட்டும்; இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளை சொன்னதே குழுவின் விடையாகிவிடும்.

அடுத்து அளவெடுப்பு. 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் அகலம் மாறாத பகுதியின் அடியில், சூடான ஆணியால் 4 மி.மீ. துளை. வெளியே ஸ்கேலை ஒட்டி, துளைக்கு மேல் 10 செ.மீ. தண்ணீர். மூடியைக் கழற்றாவிட்டால் நீர் சீராக வராது, நின்றும் போகலாம். துளையில் பிசிறு இருந்தாலும் ஒழுக்கு சீராக இருக்காது. ஒருவர் நேரம் சொல்ல, ஒருவர் மட்டம் பார்க்க, ஒருவர் எழுத, 10 விநாடிக்கு ஒரு அளவு. சுமார் மூன்று நிமிடத்தில் வடிந்துவிடும்.

30-வது விநாடியில் மட்டம் இறங்கும் வேகம் வேண்டும். 30–70, 30–50, 30–40 என இடைவெளியைச் சுருக்கினால் விடை நகர்வது தெரியும். (10–50, 20–40 என இருபுறமும் சமமாக எடுத்தால் விடை அநேகமாக ஒன்றாகவே வரும், நகர்வு மறைந்துபோகும்.) 2 விநாடிவரை சுருக்கப் பார்ப்பார்கள். அதற்குள் நீர் இறங்குவதே 2 மி.மீ. அளவுதான், பார்வை 1 மி.மீ. பிசகினால் பாதி விடை போச்சு. ஸ்கேல் கைவிடும் இந்த இடத்தில்தான் இயற்கணிதம் தேவைப்படுகிறது.

எக்ஸ் ஸ்கொயரில் 3 முதல் 4 வரை சராசரி மாறுவீதம் (மதிப்பின் மாற்றத்தை எக்ஸின் மாற்றத்தால் வகுத்தது) 7, 3.1 வரை 6.1, 3.01 வரை 6.01. இடப்பக்கமும் போடச் சொல்லுங்கள்: 2.9-இலிருந்து 5.9, 2.99-இலிருந்து 5.99. வலப்பக்கத்தோடு நின்றால் '6.01தான் விடை' என்று சிலர் முடித்துவிடுவார்கள். யாராவது இடைவெளியைப் பூஜ்ஜியமாக்கி 0/0-இல் மாட்டுவார்கள். அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள், எல்லை (இடைவெளி பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க விடை நெருங்கும் எண்) எதற்கு என்பதை அந்தக் குழுவே மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

ஒவ்வொரு படிக்கும் பேனா கை மாற வேண்டும். விளக்கப் போகிறவரைக் கடைசியில் ஆசிரியரே கைகாட்டுவது நல்லது. ஓசூர்ப் பக்கம் குழுவுக்குள் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசினால் பேசட்டும், கணக்குதான் முக்கியம். மறுநாள் 3-க்குப் பதில் எக்ஸ் என்று வைத்தால் டூ எக்ஸை அவர்களே எழுதுவார்கள்.