ரோஸ்ட்: வறுவலா, வறுப்பா, பதமா?

எங்கள் தெருமுனையில், முன்பு ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில், புதிதாக ஒரு காபிக்கடை வந்திருக்கிறது. கொட்டையை அங்கேயே வறுக்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். வாசனை பஸ் நிறுத்தம் வரை வருகிறது. பலகையில் லைட் ரோஸ்ட், மீடியம் ரோஸ்ட், டார்க் ரோஸ்ட் என்று எழுதி, பக்கத்திலேயே தமிழிலும் போட்டிருந்தார்கள்: இள வறுவல், நடு வறுவல், கரு வறுவல். கூட வந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "வறுவல்னா வாழைக்காயா, சேப்பங்கிழங்கா?" என்றார்.

நியாயமான கேள்விதான்.

முதலில் ரோஸ்ட். ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'ரோஸ்டிர்'. பிரெஞ்சுக்கோ ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து போனது. டச்சு மொழியில் 'ரோஸ்டர்' என்றால் இறைச்சியை வைத்துச் சுடும் கம்பித்தட்டி. அந்தத் தட்டியைப் போலவே குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட பட்டியலுக்கும் டச்சுக்காரர்கள் அதே பெயரை வைத்தார்கள். நம் அலுவலகங்களில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று ஒட்டுகிறார்களே, அந்த டியூட்டி ரோஸ்டர் அங்கிருந்து வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுந்தவர்கள் தாங்கள் வறுபடுவதாக நினைத்தால் அதில் சொல்லாராய்ச்சிப் பிழை எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வந்த ரோஸ்ட் வேறு வேலைக்குப் போய்விட்டது. ஓட்டலில் "ஒரு நெய் ரோஸ்ட்" என்றால் வருவது தோசை. உருளைக்கிழங்கு ரோஸ்ட் எண்ணெயில் புரட்டியது. இரண்டிலும் நாம் கேட்பது முறுகலைத்தான். ஆக, ரோஸ்ட் என்று தமிழில் எழுதினாலும் அது காபிக்கொட்டையைச் சொல்லாது.

ஆங்கிலம் ஓவனில் வேகும் முழுக்கோழிக்கும் மணலில் புரளும் நிலக்கடலைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தமிழ் அப்படி விடவில்லை. அப்பளத்தைச் சுடலாம், பொரிக்கலாம். கத்திரிக்காயை வதக்கலாம், தணலில் சுடலாம். வெறும் சட்டியில் போட்டு, கை ஓயாமல் கிளறி, உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டினால்தான் அது வறுத்தல். வறு, வறள், வறட்சி, வறுமை எல்லாம் ஒரே குடும்பம் என்றே எனக்குப் படுகிறது. காபிக்கடை உருளையும் இதைத்தான் செய்கிறது. சுற்றுவது, அதன் கிளறல். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். வறுத்து முடித்தால் ஒரு கிலோ ஏறக்குறைய 850 கிராமாக இறங்கிவிடும்.

வினைச்சொல்லில் சிக்கல் இல்லை. பெயர்ச்சொல்லாக்கும்போதுதான் வம்பு. வறுவலை வாழைக்காயும் கோழியும் பிடித்துக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் வறை என்றால் தேங்காய்ப்பூ சேர்த்த கறி, முருங்கையிலை வறை மாதிரி. வறுப்பு பரவாயில்லை, ஆனால் அதன் முன்னால் 'கரு' சேர்த்தால் கருவறுப்பு ஆகிவிடும். எதிரியைப் பூண்டோடு ஒழிப்பதற்கான சொல்லைக் காபி மேல் எழுதி வைத்தால் எவன் குடிப்பான்?

சரி, பலகையில் இருக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? சுமார் 196 டிகிரி செல்சியஸில் கொட்டை படபடவென்று வெடிக்கும். உள்ளே நீராவி முட்டுவதால் வரும் சத்தம். இந்த முதல் வெடிப்பு முடிந்த கையோடு இறக்கினால் லைட். இன்னும் விட்டால் 224 டிகிரி வாக்கில் மெல்லிய இரண்டாம் வெடிப்பு கேட்கும். அதையும் தாண்டினால் எண்ணெய் மேலே கசிந்து கொட்டை மினுமினுக்கும், அது டார்க். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியது மீடியம். வறுப்பவர் நிறத்தைப் பார்க்கிறார், வாசனை பிடிக்கிறார், சத்தத்துக்குக் காது கொடுக்கிறார்.

இதற்கு நம் அடுப்படியில் எப்போதும் ஒரு பெயர் உண்டு: பதம். பாகுக்குக் கம்பிப் பதம் இருக்கிறது. சித்த மருத்துவர் தைலம் காய்ச்சினால் மெழுகு பதம், மணற்பதம் என்று பார்த்து இறக்குவார். வறுகடலை என்கிறோம் அல்லவா, அதே கட்டுமானத்தில் வறுபதம் என்று சொல்லலாம். இளம்பதம், நடுப்பதம், முதிர்பதம். தேங்காயை இளசு, முற்றல் என்று தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

இவ்வளவு நாள் இந்தச் சொல் ஏன் கடைக்கு வரவில்லை? பழைய காபித்தூள் கடைகளை நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் கொட்டையை அன்றன்றைக்கு வறுத்து, கண் முன்னால் அரைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். "பீபெரி கால் கிலோ, பிளாண்டேஷன் ஏ கால் கிலோ, சிக்கரி நூறு" என்று கேட்போம். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. பிளாண்டேஷன் என்பது நீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் கொட்டை. கொட்டையின் ரகத்தைச் சொல்வோம், சிக்கரியின் அளவைச் சொல்வோம். எவ்வளவு வறுக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. அது கடைக்காரர் கைப்பதம். தேர்வு நம்மிடம் இல்லாததால் சொல்லும் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் கல்லாவில் இருந்த தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வறுக்கிற மெஷினுக்கு?" என்றான். வறுகலன் என்றேன். வறுக்கிற ஆளுக்கு வறுப்பவர். கடைக்கு வறுப்பகம் என்று போடலாம், எனக்கென்னவோ 'வறுத்து அரைக்கும் கடை' போதும்.

அதற்குள் அம்மாவுக்கு லைட் ரோஸ்ட் வந்தது. பால் இல்லாமல், கண்ணாடிக் கோப்பையில், தேநீர் நிறத்தில். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"பச்சை வாசனையே போகலையேடா. இன்னும் ரெண்டு கிளறு கிளறச் சொல்லு."